வீடியோ பாத்து கோல்ஃப் கத்துக்கலாமா?

தமிழ் சினிமாவுல கோல்ஃப் குச்சி யார் கையில இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கதாநாயகியோட கோடீஸ்வர அப்பா. இல்லன்னா வில்லன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை பேன்ட், பின்னாடி பையைத் தூக்கிட்டு நிக்க ஒரு ஆளு. பந்தை ஒரு தட்டு தட்டிட்டு போன்ல யாரையோ மிரட்டுவார். பந்து எங்க போச்சுன்னு எந்த டைரக்டரும் காட்டினதா எனக்கு ஞாபகம் இல்ல :-)

நம்ம மக்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் ரொம்ப நாளா இவ்ளோதான் சம்பந்தம். 2021 ஆகஸ்டுல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பெங்களூரு பொண்ணு அதிதி அசோக், அம்மாவே பையைத் தூக்கிட்டுக் கூட வர, ஒரே ஒரு அடி வித்தியாசத்துல மெடலைத் தவற விட்டு நாலாவதா வந்தாங்க. அன்னிக்கு விடியக்காலைல எந்திரிச்சு டிவி முன்னாடி உக்காந்தவங்கள்ல பாதிப் பேருக்கு ஆட்டத்தோட விதியே தெரியாது. எங்க வீட்டுல அப்பா, "இதுல ரன் கம்மியா எடுத்தாதான் ஜெயிப்பாங்களாமே"ன்னு அம்மாவுக்கு விளக்கம் குடுத்துட்டு இருந்தார்.

இப்ப நான் எடின்பரோல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். இந்த ஊர்ல கோல்ஃபைத் தாண்டி எங்கயும் நடக்க முடியாது. 1457லயே ஸ்காட்லாந்து பார்லிமென்ட் "பசங்க வில்வித்தை பழகாம இதையே ஆடிட்டுத் திரியறாங்க"ன்னு கோல்ஃபுக்குத் தடை போட்டுச்சு. தடை போட்டா நிறுத்திடுவாங்களா என்ன? 1744ல இதே ஊர்ல லீத் லிங்க்ஸ்ங்கிற மைதானத்துல ஒரு போட்டிக்காக 13 விதிகளை எழுதி வெச்சாங்க. நமக்குக் கிடைக்கிறதுலயே பழைய கோல்ஃப் விதிகள் அதுதான்.

நூலகத்துலேர்ந்து என் ரூமுக்குப் போற வழியில ப்ரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ்னு ஒரு பொதுப் பூங்கா. நூத்தாண்டுக் கணக்கா கோல்ஃப் ஆடற இடம். கோடைல அங்க 36 சின்னக் குழிகள் போட்டு வெப்பாங்க, குளிர்காலத்துல கம்மி பண்ணிடுவாங்க. டிக்கெட் கிடையாது, மெம்பர்ஷிப் கிடையாது. ஒரு குச்சி, ஒரு பந்து இருந்தா யார் வேணா ஆடலாம். ஒரு பக்கம் பிக்னிக், ஒரு பக்கம் நாய், நடுவுல பந்து.

சும்மா கிடைக்கிறதுன்னா விடுவோமா? சேரிட்டி ஷாப்ல பழைய வெட்ஜ் ஒண்ணு, பட்டர் ஒண்ணு, சில்லறைக் காசுக்கு வாங்கியாச்சு. வாத்தியாருக்கு எங்க போறது? ஒரு மணி நேரப் பாடத்துக்குக் கேக்கற காசுல எனக்கு ஒரு வாரத்து மளிகை வந்துடும். அதனால நம்ம தலைமுறையோட குலகுரு யூட்யூப்கிட்ட சரணாகதி. சாம்பார் வெச்சதும் அங்கதான், ரெக்ரஷன் போட்டதும் அங்கதான், கோல்ஃப் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

ஆறு மாசம் ஆச்சு. வீடியோ எங்க உதவும், எங்க உதவாதுன்னு ஒரு கணக்கு கிடைச்சிருக்கு. கோல்ஃப் ஆடாதவங்களுக்கும் உபயோகப்படும், படிங்க.

திரை வாத்தியார் புதுசு இல்ல

யூட்யூப் வந்தது 2005ல. அதுக்கு எழுபது வருஷத்துக்கு மேல முன்னாடியே திரைல கோல்ஃப் பாடம் ஓடியிருக்கு. பாபி ஜோன்ஸ்னு அமெரிக்க ஆட்டக்காரர், 1930ல ஒரே வருஷத்துல நாலு பெரிய பட்டத்தையும் ஜெயிச்சுட்டு, 28 வயசுல போட்டி ஆட்டத்துலேர்ந்து ரிட்டையர் ஆயிட்டார். அடுத்த வருஷமே வார்னர் பிரதர்ஸ் அவரை வெச்சு 12 குறும்படம் எடுத்தாங்க. தியேட்டர்ல பெரிய படத்துக்கு முன்னாடி ஓட்டறதுக்கு. ஸ்லோ மோஷன் எல்லாம் அப்பவே உண்டு. அந்தப் படங்கள் இன்னிக்கும் கிடைக்குது, இன்னிக்கும் அழகா இருக்கு.

அப்புறம் புஸ்தகம். 1957ல பென் ஹோகனோட அஞ்சு பாடம். ஆட்டக்காரரோட தோள்லேர்ந்து பந்து வரைக்கும் ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்ச்சு வெச்ச மாதிரி அதுல ஒரு படம் வரும். குச்சி அந்தக் கண்ணாடியை உடைக்காம போய் வரணும். இன்னிக்கு வீடியோல திரை மேல கோடு போட்டு விளக்கறவங்க எல்லாம் அந்தப் படத்தோட பேரப்பிள்ளைங்க. அப்புறம் கேசட் காலம். 1993ல நேக்கட் கன் புகழ் லெஸ்லி நீல்சன் கோல்ஃபை மோசமா ஆடறது எப்படின்னே ஒரு பாட வீடியோ விட்டார்னா, அந்தச் சந்தை எவ்ளோ பெருசா இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

ரெண்டு வாத்தியார், ரெண்டு பதில்

வீடியோல கத்துக்கறவங்களுக்கு வர்ற முதல் தலைவலி: ஒருத்தர் சொல்றதுக்கு நேர் எதிரா இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேருமே நல்லா ஆடுவாங்க. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

பந்து நேரா போகாம வலது பக்கம் வளைஞ்சு ஓடறது புதுசா ஆடறவங்களோட தேசிய வியாதி (வலது கைக்காரங்களுக்கு). பேரு ஸ்லைஸ். பழைய வீடியோவுல என்ன சொல்வாங்கன்னா, குச்சி எந்தப் பாதையில வீசப்படுதோ அந்தத் திசைல பந்து கிளம்பும், குச்சியோட முகம் எங்க பாக்குதோ அங்க போய் முடியும். புது வீடியோவுல இதைத் தலைகீழா சொல்வாங்க. பந்து கிளம்பற திசையைப் பெரும்பாலும் முடிவு பண்றது முகம். பாதைக்கும் முகத்துக்கும் நடுவுல இருக்கற கோணம்தான் வளைவைத் தருது.

யார் சொல்றது சரி? புதுசுதான். ராடார் வெச்சு பந்தை அளக்கற ட்ராக்மேன் மாதிரி கருவிகள் 2000களுக்கு அப்புறம் வந்து இதைச் சந்தேகமில்லாம காட்டிடுச்சு. முகம் பாக்கற திசைக்கு முக்கால் பங்குக்கு மேல செல்வாக்கு. தமாஷ் என்னன்னா, 1968லயே காக்ரன், ஸ்டாப்ஸ்னு ரெண்டு பேர் பிரிட்டன்ல பெரிய ஆராய்ச்சி பண்ணி, கிட்டத்தட்ட இதையே புஸ்தகமா போட்டிருந்தாங்க. குச்சியும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்கற நேரம் ஒரு நொடில ரெண்டாயிரத்துல ஒரு பங்குதான்னும் அதுல இருக்கு. ஆனாலும் பாடம் சொல்லித் தர்றவங்க முப்பது வருஷத்துக்கு மேல பழைய பாட்டையே பாடிட்டு இருந்தாங்க.

அந்தப் பாட்டு இன்னும் யூட்யூப்ல ஓடுது. அங்க எதுவும் அழியாது, தேதியையும் யாரும் பாக்கறதில்ல. பழைய விதியை நம்பி ஸ்லைஸை சரி பண்ணப் போனா அது கூடத்தான் செய்யும். அதனால ஒரு வீடியோவுல பந்து ஏன் வளையுதுன்னு சொல்ற இடத்தை முதல்ல பாருங்க. அதுல பழைய பாட்டுன்னா, அந்த விஷயத்துக்கு அந்த வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த ஆளைப் பாருங்க.

இருபது தடவை பாத்தா என்ன ஆகும்?

என் ரூம்மேட் மதுரைப் பொண்ணு. சோஃபால கால் நீட்டிக்கிட்டு என்கூடவே எல்லா வீடியோவும் பாப்பா. மைதானத்துக்கு மட்டும் வர மாட்டா. ஒருநாள் சொன்னா, "இவ்ளோதானடி, இடுப்பைத் திருப்பணும், கையை மடக்கணும், நானே அடிச்சிருவேன் போலருக்கு."

அவ சொன்னதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2018ல சிகாகோ பல்கலைக்கழகத்துலேர்ந்து கார்டஸ், ஓ'பிரையன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. மேஜை மேல தட்டு, டம்ளர் எல்லாம் அப்படியே நிக்க, விரிப்பை மட்டும் வெடுக்குனு உருவற வித்தையை சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் போட்டுக் காட்டினாங்க. இருபது தடவை பாத்தவங்களுக்கு "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை கூடுதல். அப்புறம் மைக்கேல் ஜாக்சனோட மூன்வாக், டார்ட் எறியறது இதையெல்லாம் காட்டி, செஞ்சும் பாக்கச் சொன்னாங்க. நம்பிக்கை கூடியிருந்துச்சு. திறமை? ஒரு தடவை பாத்தவங்களை விட ஒண்ணும் உசத்தி இல்ல.

எனக்குப் பிடிச்ச பகுதி அடுத்தது. தூக்கிப் போட்டு பிடிக்கிற கட்டைகளோட வீடியோவைப் பாத்தவங்கள்ல சிலர் கையில அந்தக் கட்டையை ஒரு நிமிஷம் குடுத்தாங்க. வித்தை பண்ண வேணாம், சும்மா பிடிச்சுப் பாருன்னு. கனத்தை உணர்ந்த உடனே நம்பிக்கை இறங்கிடுச்சாம். கண்ணு படத்தைத்தான் பாக்கும், கனத்தைப் பாக்காது.

ரூம்மேட் கையில வெட்ஜைக் குடுத்து ஹால்ல நிக்க வெச்சேன். ரெண்டு தடவை காத்துல வீசிப் பாத்துட்டு, "ஏய், இது என்னடி முனையில இப்படி கனமா இருக்கு"ன்னா. ஆராய்ச்சி நிரூபணம் ஆயிடுச்சு, வீட்டு ஓனரோட லைட்டும் தப்பிச்சுது.

கேமராவை நம்ம பக்கம் திருப்பணும்

கோல்ஃப்ல அடிக்கடி சொல்ற விஷயம் ஒண்ணு உண்டு: நாம உணர்றது வேற, நடக்கறது வேற. கையைத் தோள் வரைக்கும்தான் தூக்கினோம்னு உடம்பு சத்தியம் பண்ணும். வீடியோல பாத்தா குச்சி முதுகுக்குப் பின்னாடி தொங்கிட்டு இருக்கும்.

அதனால அடுத்தவங்க வீடியோவை விட பெரிய வாத்தியார் நம்ம வீடியோதான். இப்ப நிறைய போன்ல நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கலாம். ட்ரைபாடுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, நான் தண்ணி பாட்டிலையும் ஒரு ஷூவையும் வெச்சு ஓட்டறேன். கவனிக்க வேண்டியது ரெண்டு:

ஒண்ணு, ரெண்டு கோணம்தான் வேணும். நெஞ்சுக்கு நேர் எதிர்லேர்ந்து ஒண்ணு. பந்து போக வேண்டிய திசையைப் பாத்தபடி, நமக்குப் பின்னாடி பக்கவாட்டுலேர்ந்து ஒண்ணு. கேமரா கை உயரத்துல இருக்கணும். அது அரை அடி தள்ளிப் போனா போதும், நல்ல வீச்சு கோணலா தெரியும், கோணல் நல்லதா தெரியும்.

ரெண்டு, ஸ்லோ மோஷன்ல மட்டுமே பாக்கக் கூடாது. ஜான் நோவோசெல்னு ஒருத்தர் பெரிய ஆட்டக்காரங்களோட வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணி 2004ல ஒரு புஸ்தகம் போட்டார். குச்சியைப் பின்னாடி எடுத்துப் போற நேரம் மூணு பங்குன்னா, கீழ இறக்கிப் பந்தை அடிக்கிற நேரம் ஒரு பங்கு. நொடிக்கு 30 ஃப்ரேம் கணக்குல 27க்கு 9, இல்ல 24க்கு 8, இல்ல 21க்கு 7. வேகம் ஆளுக்கு ஆள் மாறும், விகிதம் மாறாது. மெதுவா ஓட்டிப் பாத்தா நிலை தெரியும், தாளம் தெரியாது. பாட்டு கத்துக்கறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஒரு பென்னி பாடம்

எவ்ளோ கேமரா வெச்சாலும், பாக்கற கண்ணு நம்ம கண்ணுதானே. எதைப் பாக்கணும்னு அதுக்குத் தெரியணுமே.

மார்ச்சுல ஒரு சாயங்காலம் ப்ரன்ட்ஸ்ஃபீல்ட்ல அடிச்சிட்டு இருக்கேன். அன்னிக்குப் பாடம்: இடது முழங்கை, வலது முட்டி, தலை ஆடாம, இடுப்பு முதல்ல. எண்ணிப் பாத்தா மண்டைக்குள்ள ஏழு கட்டளை. தூரத்துல ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், நாயோட நின்னு பாத்துட்டு இருந்தார். கிட்ட வந்து அனுமதி கேட்டுட்டு, பாக்கெட்லேர்ந்து ஒரு பென்னியை எடுத்து, பந்துக்கு ரெண்டு விரக்கடை முன்னாடி புல்லுல வெச்சார். "பந்தை மறந்துடும்மா. அது வழியில இருக்கு, அவ்ளோதான். நீ அந்தக் காசைத் தட்டி விடு."

அடிச்சேன். தப்புனு ஒரு சத்தம். பந்து மேல ஏறி, கொடிக்குப் பக்கத்துல மெத்துனு விழுந்துச்சு. நாய் கூட திரும்பிப் பாத்துச்சு!

ரூமுக்கு வந்து ஏன்னு தேடினேன். ரெண்டு காரணம். முதல்ல, புல்லுல கிடக்கற பந்தை வெட்ஜால அடிக்கும்போது குச்சி இன்னும் இறங்கிட்டு இருக்கறப்பவே பந்தைத் தொடணும். வீச்சோட அடிமட்டப் புள்ளி பந்தைத் தாண்டி வரணும். மேல தூக்கறது நம்ம வேலை இல்ல, குச்சி முகத்தோட சாய்வு அதைப் பாத்துக்கும். பந்துக்கு அப்புறம் புல் கொஞ்சம் பேந்தா நல்ல அடி. (பயிற்சி மையத்துல ரப்பர் பாய் மேல அடிக்கும்போது இது தெரியாது. பந்துக்குப் பின்னாடி விழற குச்சி பாயில துள்ளிட்டுப் போய் பந்தைத் தொட்டுடும், நமக்கும் சந்தோஷமா இருக்கும். புல்லுல அதே அடி மண்ணுல குத்தி நிக்கும்.)

ரெண்டாவது, கவனம் எங்க இருக்குங்கிறது. கேப்ரியேல் வுல்ஃப்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் 1999ல கோல்ஃப் புதுசா கத்துக்கறவங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்கு "கை ஆடறதைக் கவனி"ன்னும், இன்னொண்ணுக்கு "குச்சி ஆடறதைக் கவனி"ன்னும் சொல்லிக் குடுத்தாங்க. குச்சியைக் கவனிச்சவங்க நல்லா அடிச்சாங்க, பின்னாடி சோதிச்சப்பவும் அவங்கதான் மேல. உடம்பைப் பத்தி யோசிச்சா உடம்பு விறைச்சுக்குது. வெளியில ஒரு இலக்கு குடுத்தா அதுவா வழி தேடிக்குது. சைக்கிள் ஓட்டறப்போ "முழங்காலை மடக்கு"ன்னு யாராவது சொன்னாங்களா? "முன்னாடி பாரு"ன்னுதானே சொன்னாங்க.

வீடியோவால இதைச் செய்ய முடியாது. ஒரே வீடியோவை லட்சம் பேர் பாக்கறாங்க, அது லட்சம் பேருக்கும் ஏழு கட்டளையும் சொல்லியாகணும். உனக்கு இன்னிக்குத் தேவை இந்த ஒண்ணுதான்னு சொல்ல எதிர்ல ஒரு ஆள் வேணும்.

சரி, வீடியோ வேணாமா?

கட்டாயம் வேணும். கென்யாவுல ஜூலியஸ் யெகோன்னு ஒருத்தர் ஈட்டி எறியறதை யூட்யூப் பாத்தே கத்துக்கிட்டார், அவருக்குப் பட்டப்பேரே மிஸ்டர் யூட்யூப். 2015ல 92.72 மீட்டர் எறிஞ்சு உலக சாம்பியன், 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி. ஆனா நடுவுல ஃபின்லாந்து போய் ஒரு கோச்கிட்ட பயிற்சி எடுத்தார், அதையும் சேத்துப் படிக்கணும். கொரியாவுல சோய் ஹோ-சங், இருபது வயசுக்கு மேல கோல்ஃப் மைதானத்துல வேலைக்குச் சேந்து, பத்திரிகை பாத்து ஆட்டம் பழகினவர். பந்தை அடிச்சுட்டு தூண்டிலை இழுக்கற மாதிரி சுழண்டு நிப்பார். ஜனம் சிரிச்சுது, 2018ல அவர் ஜப்பான்ல பட்டமே ஜெயிச்சுட்டார்.

நம்ம நாட்டுல இதை முன்னாடியே செஞ்சவங்க கேடிகள். 1991ல இந்தியன் ஓபனை ஜெயிச்ச அலி ஷேர் டெல்லில கேடியா இருந்து ஆட்டக்காரர் ஆனவர். அந்தப் பசங்களும் பாத்துத்தான் கத்துக்கிட்டாங்க. பாத்த அன்னிக்கே ஒரு குச்சியை எடுத்து அடிச்சும் பாத்தாங்க, வித்தியாசம் அங்கதான்.

இதை எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணமும் அதுதான். நான் சைதாப்பேட்டைல வளந்தவ. நந்தனம் பக்கம் அண்ணா சாலைல பஸ்ல போறப்போ மதிலுக்கு அந்தாண்ட பச்சையா தெரியும். அது கோல்ஃப் மைதானம்னு காலேஜ் போற வயசுலதான் எனக்குத் தெரியும். உள்ள எங்க தெருவுலேர்ந்து யாராவது போனாங்கன்னா, புல் வெட்டப் போயிருப்பாங்க.

மதில் நமக்கு மட்டும் இல்ல. இங்க செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பொம்பளைங்க குச்சியைத் தோளுக்கு மேல தூக்கறது லட்சணம் இல்லன்னு, 1867ல அவங்களுக்குன்னு பந்தை உருட்டி மட்டும் ஆடற ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. மேடும் பள்ளமுமான அந்தப் புல்தரைக்குப் பேரு ஹிமாலயாஸ், நம்ம இமயமலையேதான் :-) சில பவுண்டு குடுத்தா இப்ப யாரும் ஆடலாம், நானும் ரூம்மேட்டும் ஆடினோம். அதே ஊர்ல இருக்கற ராயல் அண்ட் ஏன்ஷன்ட் கிளப் பெண்களைச் சேத்துக்கலாம்னு ஓட்டுப் போட்டது 2014ல. லீத்ல 13 விதி எழுதினவங்களோட கிளப் ஓட்டுப் போட்டு சம்மதிச்சது 2017ல. விதியை எழுதினதுக்கும் கதவைத் திறந்ததுக்கும் நடுவுல 273 வருஷம்.

வீடியோ அந்த மதில்ல ஒரு ஜன்னல். உள்ள என்ன சொல்லித் தர்றாங்கன்னு சைதாப்பேட்டைலேர்ந்தும் பாக்கலாம். ஆனா ஜன்னல் வழியா பாக்கலாமே தவிர ஆட முடியாது. ஆடறதுக்கு சும்மா கிடைக்கிற ஒரு புல்தரையும், நாயோட நின்னு பாக்கற ஒரு பெரியவரும் வேணும்.

இப்ப நான் பண்றது இதுதான்:

1. வாரத்துக்கு ஒரே வீடியோ, ஒரே விஷயம். பாத்த அன்னிக்கே மைதானம்.
2. உடம்பைப் பத்தின கட்டளையை வெளி இலக்கா மாத்திக்கறது. காசு, கொடி, புல்.
3. ஒரே அடியை அம்பது தடவை அடிக்காம, தூரத்தையும் குச்சியையும் மாத்தி மாத்தி அடிக்கறது. ஷே, மார்கன்னு ரெண்டு பேர் 1979லயே கலந்து பழகறதோட அருமையைக் காட்டியிருக்காங்க. பழகறப்போ மோசமா தெரியும், மனசுல நிக்கறது அதுதான்.
4. பத்து அடிக்கு ஒண்ணை போன்ல எடுக்கறது. அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டு அழிச்சுடறது.
5. காசு சேந்ததும் ஆளைப் பாத்து ஒரு மணி நேரப் பாடம். ஆறு மாசத்துக் கேள்வியோட போனா அந்த ஒரு மணி நேரம் பத்துக்குச் சமம்.

அஞ்சாவதுக்கு உண்டியல்ல காசு விழுந்துட்டு இருக்கு. அதுவரைக்கும், நடனம், நீச்சல், வயலின்னு எதையாவது திரையைப் பாத்தே கத்துக்கிட்டவங்க இருந்தா, எந்த இடத்துல உங்களுக்கு ஆள் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க.

பி.கு: அந்தப் பெரியவர் காசைத் திருப்பி வாங்கிக்கல. அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறப்போ வேணும்னுட்டார். ரூம்மேட் சனிக்கிழமை மைதானத்துக்கு வர்றதா சொல்லியிருக்கா.